அரசு இறங்கிவந்தால் வழக்குச் செலவு யார் தலையில்?

கேட்டவர் சொன்ன விவரம் இது. அரசு ஊழியராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா இறந்துவிட்டார். அம்மாவுக்கு வரவேண்டிய குடும்ப ஓய்வூதியம் இரண்டரை ஆண்டாக வரவில்லை. நான்கு முறை மனு கொடுத்தும் பதில் இல்லை. அலுவலகத்துக்கு உத்தரவிடக் கேட்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போட்டார்கள். மூன்றாவது வாய்தாவில் அரசு வக்கீல் எழுந்து, “ஓய்வூதியம் அனுமதித்து ஆணை போட்டாயிற்று” என்று நகலை நீட்டினார். அன்றே வழக்கு முடிந்தது. உத்தரவின் கடைசி வரி, செலவுத்தொகை இல்லை. இவர்களுக்கு ஆன செலவு 38,000 ரூபாய். போதாததற்கு வக்கீலுக்கு இன்னும் 8,000 பாக்கி. “தப்பு தங்களுடையதுதான் என்று அவர்களே ஆணை போட்டுவிட்ட பிறகு, செலவை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும்?” என்று கேட்கிறார்.

முதலில் நேரடிப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அந்த 38,000 இனி வருவது கடினம். கேட்டிருக்க வேண்டிய நாள் கடந்துவிட்டது. ஆனால் ஏறக்குறைய அதே அளவு தொகை ஒன்றை நீங்கள் கேட்காமலே விட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது தாமதத்துக்கான வட்டி. அதற்கு இன்னும் வழி இருக்கிறது. பின்னால் வருகிறேன்.

செலவு ஏன் போனது என்பதைப் புரிந்துகொள்ள, அந்த மூன்றாவது வாய்தாவை மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். நான் இப்படிப்பட்ட வாய்தாக்களில் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். வழக்கு எண்ணைக் கூப்பிடுவார்கள். அரசு வக்கீல் எழுந்து, மனுதாரர் கேட்டது கொடுக்கப்பட்டுவிட்டது என்பார். நகல் மேடைக்குப் போகும். நீதிபதி நம் பக்கம் பார்த்து, “குறை தீர்ந்ததா?” என்று கேட்பார். நாம் “ஆமாம்” என்போம். “மேற்கொண்டு உத்தரவு எதுவும் தேவையில்லை, மனு முடித்து வைக்கப்படுகிறது, செலவுத்தொகை இல்லை” என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வழக்கு எண்ணைக் கூப்பிட்டிருப்பார்கள். மொத்தம் ஒரு நிமிடம் ஆகியிருந்தால் அதிகம். அந்த ஒரு நிமிடத்துக்குள் யாரும் செலவைக் கேட்கவில்லை. கேட்காத செலவை நீதிமன்றம் தானாகக் கொடுப்பது அபூர்வம்.

சட்டம் என்னவோ வேறு மாதிரிதான் சொல்கிறது. சி.பி.சி. என்று நாங்கள் சொல்லும் 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 35-ஆம் பிரிவு, செலவை யார் யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை நீதிமன்றத்தின் விருப்புரிமையில் விடுகிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஜெயித்தவருக்குச் செலவு கிடையாது என்று சொல்வதானால் அதற்கான காரணத்தை எழுத்தில் தரவேண்டும். அதாவது தோற்றவர் கொடுப்பதுதான் வழக்கமான நிலை, கொடுக்காமல் விடுவதற்குத்தான் காரணம் வேண்டும். நடைமுறையில் இது தலைகீழாக நிற்கிறது. செலவு கொடுத்தால் அதற்கு ஒரு பத்தி எழுதுவார்கள், கொடுக்காவிட்டால் இரண்டு வார்த்தையோடு சரி.

ரிட் மனுவுக்கு அந்த நிபந்தனைகூட நேரடியாகப் பொருந்தாது. 1976-இல் சி.பி.சி.யைத் திருத்தியபோது, 141-ஆம் பிரிவுக்கு ஒரு விளக்கம் சேர்த்து, அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆம் பிரிவின் கீழ் நடக்கும் வழக்குகளை அதிலிருந்து வெளியே வைத்துவிட்டார்கள். ரிட்டில் செலவு கொடுக்க உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. தாராளமாக இருக்கிறது. கொடுத்தே ஆகவேண்டும் என்று பிடிக்க ஒரு பிரிவு இல்லை, அவ்வளவுதான்.

எதிராளி பாதியில் ஒப்புக்கொண்டு பணத்தைக் கட்டிவிட்டால் செலவு யாருடையது? இதே கேள்விக்கு அந்த 1908 சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 24-ஆம் கட்டளை, 4-ஆம் விதி. பணம் கேட்டுப் போடும் வழக்கில் பிரதிவாதி நீதிமன்றத்தில் பணத்தைக் கட்டி, வாதி அதை முழுத் திருப்தியாக ஏற்றுக்கொண்டால், செலவை முடிவு செய்யும்போது நீதிமன்றம் ஒரே ஒரு விஷயத்தைப் பார்க்க வேண்டும் என்கிறது அந்த விதி. இந்த வழக்கு வந்ததற்கு யார் மேல் அதிகப் பழி?

விதியோடு நிற்காமல் மூன்று உதாரணமும் தருகிறது. பாட்டி கணக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் எல்லாமே நூறு ரூபாயை வைத்து. நூறு ரூபாய் கடன். கொடுத்தவர் ஒரு தடவைகூடக் கேட்காமல் நேராக வழக்குப் போடுகிறார், வாங்கியவர் உடனே நீதிமன்றத்தில் கட்டிவிடுகிறார். இங்கே வாதிக்குச் செலவு கிடையாது, ஏனென்றால் வழக்கே தேவையில்லாதது. இரண்டாவது உதாரணத்திலும் அதே கடன், அதே வழக்கு. ஆனால் கடனாளி முதலில் “நான் தரவேண்டியதில்லை” என்று சண்டை போட்டுவிட்டுப் பிறகு கட்டுகிறார். இங்கே செலவும் சேர்த்துத் தரவேண்டும், வழக்கு அவசியம்தான் என்பதை அவர் நடத்தையே காட்டிவிட்டது. மூன்றாவதில் நூறு ரூபாயைத் தர அவர் முன்பே தயார். கொடுத்தவர்தான் நூற்றைம்பது வேண்டும் என்று வழக்குப் போட்டு, கடைசியில் நூறையே வாங்கிக்கொண்டு போகிறார். இங்கே வாதிதான் எதிராளியின் செலவைக் கொடுக்க வேண்டும்.

இந்த மூன்று உதாரணத்தையும் தாண்டி இந்தப் பொருளில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை என்பது என் கருத்து. ரிட்டுக்கு அந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனாலும் நீதிபதியிடம் எடுத்துச் சொல்லத் தடையில்லை, சொன்னால் காதில் விழும். அரசு ஒப்புக்கொண்டது என்பது மட்டுமே செலவு வாங்கித் தராது. ஒப்புக்கொள்வதற்கு முன்னால் அது என்ன செய்தது, நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதுதான் வாங்கித் தரும்.

உங்கள் வழக்கு அப்படியே இரண்டாவது உதாரணம் அல்ல, அதைவிட ஒரு படி மேல். நான்கு முறை கேட்டிருக்கிறீர்கள். ஒப்புகை அட்டை நான்கும் கையில் இருக்கிறதா? இருந்தால் கேட்காமல் வழக்குப் போட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அப்புறம், அரசு வக்கீல் நீட்டிய அந்த ஆணையை எடுத்துப் பாருங்கள். மேலே ந.க. எண் என்ற கோப்பு எண்ணும் நாளும் இருக்கும். அதன் கீழே ‘பார்வை’ என்று போட்டு ஒரு வரிசை இருக்கும். தமிழ்நாட்டு அலுவலக ஆணை எதுவும் பார்வை இல்லாமல் வராது. பெரும்பாலும் அதில் முதல் வரி உங்கள் மனு, கடைசி வரி உங்கள் ரிட் மனு எண். அதாவது, எதைப் பார்த்து இந்த ஆணையைப் போட்டோம் என்று அலுவலகமே தன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறது. ஆணையின் நாள் வாய்தாவுக்கு இரண்டு நாள் முன்னால் இருந்தால் இன்னும் நல்லது. வழக்கு வந்ததால்தான் கோப்பு நகர்ந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். எத்தனையோ வக்கீல்கள் அந்த ஆணையின் கடைசிப் பத்தியை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். செலவு கேட்க வேண்டிய ஆதாரம் முதல் அரைப் பக்கத்திலேயே இருக்கிறது.

அரசுத் தரப்பு வாதத்தையும் சொல்ல வேண்டும், அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒப்புக்கொண்டால் செலவும் கட்டவேண்டும் என்றால் எந்த அதிகாரி ஒப்புக்கொள்வார்? கடைசிவரை எதிர்மனு போட்டு இழுத்தடித்துத் தோற்பதே மேல் என்று இருந்துவிடுவார் என்பார்கள். இங்கிலாந்தில் இதே வாதம் பல ஆண்டு செல்லுபடியானது. 2000-ஆம் ஆண்டின் கடைசியில் லண்டனின் வால்தம் ஃபாரஸ்ட் நகர மன்றம் சம்பந்தப்பட்ட வழக்கில் சொன்ன விதிகளின்படி, அரசுத் தரப்பு நடுவில் இறங்கிவந்து வழக்கு முடிந்தால், யார் ஜெயித்திருப்பார்கள் என்பது தெளிவாகத் தெரியாதவரை அவரவர் செலவு அவரவருக்கு என்றே விடுவார்கள். அரசுத் துறைகளுக்கு இது வசதியாகிப் போனது. குடியேற்ற வழக்குகளில் உள்துறை, ‘நடைமுறைக் காரணங்களுக்காக’ ஒப்புக்கொள்கிறோம், தப்பு என்று ஏற்கவில்லை என்று ஒரு வரியைச் சேர்த்து, கேட்டதைக் கொடுத்துவிட்டுச் செலவு கொடுக்காமல் நழுவிவிடும். 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நழுவலை ஏற்க மறுத்தது. மறு ஆண்டே லண்டனின் குரோய்டன் நகர மன்றத்துக்கு எதிரான வழக்கு வந்தது. தஞ்சம் கேட்டு வந்த ஒரு ஆப்கன் பையனின் வயதை மன்றம் நம்ப மறுத்து, கடைசியில் அவன் சொன்னதையே ஏற்றுக்கொண்ட வழக்கு அது. அதில் நீதிபதி நியூபெர்கர் பிரபு மூன்று வகையாகப் பிரித்தார். கேட்டது முழுதும் கிடைத்தால், மறுக்க நல்ல காரணம் இல்லாதவரை செலவும் உண்டு. பாதி கிடைத்தால் எவ்வளவு ஜெயித்தார், எவ்வளவு முக்கியமானது என்று பார்க்க வேண்டும். கேட்டதற்குச் சம்பந்தமில்லாத வேறொரு சமரசம் என்றால் பெரும்பாலும் அவரவர் செலவு அவரவருக்கு.

‘செலவு உண்டென்றால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்’ என்ற வாதத்துக்கும் அங்கே பதில் கிடைத்தது. வழக்குப் போடும் முன் வந்த கடிதத்தைப் படித்து அப்போதே ஒப்புக்கொண்டால் ஒரு காசு செலவில்லை. தாமதமாக ஒப்புக்கொண்டாலும் கடைசிவரை சண்டை போட்டுத் தோற்பதைவிடக் குறைச்சல்தான். எனக்கு இது சரியாகவே படுகிறது.

அமெரிக்கா இதற்கு நேர் எதிர்த் திசையில் போயிருக்கிறது. அங்கே பொதுவாக அவரவர் வக்கீல் ஃபீஸ் அவரவருக்கு. குடிமை உரிமை (சிவில் ரைட்ஸ்) வழக்குகள் போன்ற சிலவற்றில் மட்டும் ‘ஜெயித்தவர்’ அரசிடம் வாங்கலாம். ஆனால் ஜெயித்தவர் என்றால் யார்? 2001-இல் பக்கானன் என்ற முதியோர் இல்லத்தின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஆபத்து வந்தால் தாமே எழுந்து வெளியேற முடியாதவர்களை அப்படிப்பட்ட இல்லத்தில் வைத்திருக்கக் கூடாது என்று மேற்கு வர்ஜீனியாவில் ஒரு விதி. இல்லம் வழக்குப் போட்டது. வழக்கு நடக்கும்போதே மாநிலம் அந்த விதியை எடுத்துவிட்டது. ஃபீஸ் கேட்டபோது உச்ச நீதிமன்றம், உங்கள் வழக்கால் அரசு மாறியிருக்கலாம், ஆனால் நீதிமன்ற உத்தரவால் மாறவில்லையே என்று 5-க்கு 4 என்ற கணக்கில் கைவிரித்தது. 2025 பிப்ரவரியில் இன்னும் ஒரு படி இறுக்கினார்கள். அபராதம் கட்டாதவர்களின் ஓட்டுநர் உரிமத்தை முடக்கும் வர்ஜீனியா சட்டத்துக்கு எதிராக இடைக்காலத் தடையே வாங்கியிருந்தார்கள், பிறகு மாநிலம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. இடைக்காலத் தடை வாங்கியதால் மட்டும் ஜெயித்தவர் ஆகிவிட முடியாது என்று 7-க்கு 2 தீர்ப்பு. தோற்கப் போகிறோம் என்று தெரிந்த அரசு கடைசி நிமிடத்தில் இறங்கிவந்து ஃபீஸைத் தப்பித்துக்கொள்ள இது நல்ல வழி. அமெரிக்க நாடாளுமன்றம் தகவல் உரிமை வழக்குகளுக்கு மட்டும் 2007-இல் ஒரு திருத்தம் போட்டு இந்த ஓட்டையை அடைத்தது.

நம் ஊர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சட்டம் இங்கிலாந்து மாதிரி, பழக்கம் அமெரிக்கா மாதிரி. அதனால்தான் அந்த ஒரு நிமிடத்தில் என்ன சொல்கிறோம் என்பது முக்கியமாகிறது.

இனி வழக்குப் போடுபவர்களுக்காக இதைச் சொல்கிறேன். “குறை தீர்ந்ததா?” என்று கேட்டால் வெறும் ‘ஆமாம்’ போதாது. “குறை தீர்ந்தது, ஆனால் இந்த வழக்குக்குப் பிறகுதான் தீர்ந்தது, பார்வையில் எங்கள் வழக்கு எண்ணே இருக்கிறது, அதைப் பதிவு செய்து மனுவை அனுமதிக்க வேண்டும், செலவும் வட்டியும் கேட்கிறோம்” என்று சொல்ல வேண்டும். பலனற்றுப் போனது என்று முடிவதற்கும், கேட்டது கொடுக்கப்பட்டதைப் பதிவு செய்து அனுமதிக்கப்பட்டது என்று முடிவதற்கும் வித்தியாசம் உண்டு. முன்னதில் ஜெயித்தவர் என்று யாருமே இல்லை. இன்னும் மோசம், ‘மனுவை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள், நாங்கள் ஆணை தருகிறோம்’ என்ற பேரம். சிவில் வழக்கில் அனுமதி வாங்காமல் வாபஸ் பெற்றால், எதிராளியின் செலவை நீங்கள் கட்டும்படி நீதிமன்றம் சொல்ல சி.பி.சி.யின் 23-ஆம் கட்டளையில் இடம் இருக்கிறது. ஜெயித்த வழக்கில் செலவும் கட்டிவிட்டு வருவது போலாகிவிடும்.

கேட்டால் எவ்வளவு கிடைக்கும்? இங்கேதான் பலருக்கு ஏமாற்றம். உங்களுக்கு ஆன 38,000 அப்படியே வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். ரிட்டில் நான் பார்த்தவரை ஐந்தாயிரம், பத்தாயிரம் என்று ஒரு ரவுண்டான தொகைதான். சிவில் நீதிமன்றத்தில் வக்கீல் ஃபீஸுக்குத் தமிழ்நாட்டில் 1973-ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன, டிக்ரியோடு வரும் செலவுப் பட்டியலில் அந்தக் கணக்குத்தான் ஏறும், நீங்கள் கொடுத்த கணக்கு அல்ல. 2005-இல் சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம், செலவு என்பது உண்மையில் ஆன நியாயமான செலவாக இருக்க வேண்டும், வந்து போன நேரம், பயணம், தங்கல் எல்லாம் அதில் சேரும் என்று அழகாகச் சொன்னது. சரி என்று டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் உண்மைச் செலவாக 45 லட்சத்துக்கு மேல் போட்டது. 2011-இல் அதே உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, விதியில் உள்ளபடிதான் கொடுக்க முடியும், விதியைத் திருத்துவது வேறு விஷயம் என்றது. பொய் வழக்குப் போட்டவர் எதிராளிக்குத் தரவேண்டிய ஈட்டுச் செலவுக்கு உச்சவரம்பு அப்போது வெறும் 3,000 ரூபாய். அதை ஒரு லட்சமாக்கலாம் என்று அந்தத் தீர்ப்பிலேயே யோசனையும் சொன்னார்கள். சட்ட ஆணையம் 2012-இல் இதற்கென்றே 240-ஆவது அறிக்கை கொடுத்தது. 2015-இல் வணிக வழக்குகளுக்கு மட்டும் 35-ஆம் பிரிவை மாற்றி எழுதி, அந்த 3,000 வரம்பையும் எடுத்துவிட்டார்கள். அரசுக்கு வேலை செய்து பில் வராத கான்ட்ராக்டருக்கு அது உதவும். ஓய்வூதியம் கேட்கும் அம்மாவுக்கு உதவாது.

இன்னொரு வேடிக்கை உண்டு. அரசின் மேல் செலவு போட்டதாகச் செய்தித்தாளில் படிக்கிறீர்களே, அதில் பல நேரம் பணம் மனுதாரருக்குப் போவதில்லை. 2020 அக்டோபரில் மத்தியப் பிரதேச அரசு 663 நாள் தாமதமாக மேல்முறையீட்டுக்கு வந்ததற்கு உச்ச நீதிமன்றம் 25,000 ரூபாய் போட்டது, காரணமான அதிகாரிகளிடம் வசூலிக்கவும் சொன்னது. போய்ச் சேர்ந்த இடம் சமரசக் குழு. அரசுக்குக் கொட்டு வைத்த மாதிரி ஆயிற்று, அலைந்தவருக்கு ஒன்றும் இல்லை. எனவே செலவு கேட்கும்போது ‘மனுதாரருக்கு’ என்ற சொல்லையும் சேர்த்தே கேளுங்கள்.

சிவில் வழக்கு என்றால் உங்கள் கை கொஞ்சம் பலமாக இருக்கும். அரசுக்கு எதிராக வழக்குப் போட சி.பி.சி.யின் 80-ஆம் பிரிவின்படி இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். எதற்கு? வழக்கு இல்லாமலே தீர்க்க அரசுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கத்தான். அந்த நோட்டீஸ் பெரும்பாலும் கோப்பில் தூங்கும். அதே 2005 தீர்ப்பில், நோட்டீஸுக்குப் பதில் சொல்லவென்றே ஒவ்வொரு அரசும் அதிகாரி நியமிக்க வேண்டும், பதில் இல்லாவிட்டாலோ மழுப்பினாலோ நீதிமன்றம் சாதாரணமாகக் கனமான செலவு போட வேண்டும், பொறுப்பான அதிகாரியிடம் அதை வசூலிக்கவும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பத்தியை எடுத்துக் காட்டும் வக்கீலை நான் கையால் எண்ணிவிடுவேன். ரிட்டுக்கு 80-ஆம் பிரிவு நோட்டீஸ் தேவையில்லை, ஆனாலும் ஒன்று அனுப்பிவிட்டே போடுங்கள் என்று நான் கட்சிக்காரர்களிடம் சொல்வது இதற்காகத்தான்.

பணம் கேட்டுப் போட்ட சிவில் வழக்கில் அரசு நடுவில் ஒத்துவந்தால் நீதிமன்றக் கட்டணத்தையும் மறக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2017-க்குப் பிறகு அது நூற்றுக்கு 3 ரூபாய், 10 லட்சம் கேட்டால் 30,000 கட்டியிருப்பீர்கள். கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவில் சமரசமானால் திரும்பக் கிடைக்கும். நீதிமன்றம் அனுப்பிவைத்த சமரசத்துக்குத்தானே அது, வெளியே பேசி முடித்துக்கொண்டவர்களுக்கு உண்டா என்று ஒரு சண்டை. உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல, அதே உயர் நீதிமன்றத்தின் நிர்வாகம் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. 2021 பிப்ரவரியில் அந்த மேல்முறையீடு தள்ளுபடியானது. ஆகவே அரசு ஒப்புக்கொண்டால் வெறும் வாய்ச்சொல்லாக விடாமல் இருதரப்பும் கையெழுத்திட்ட கூட்டு மெமோவாகப் போட்டு முடிப்பது நல்லது, கட்டணம் திரும்பும். லோக் அதாலத்தில் முடித்தாலும் திரும்பும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டாம் மேல்முறையீடு போனவுடன் தகவலைக் கொடுத்துக் கையைக் கழுவும் அலுவலகங்களும் உண்டு. அங்கே நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 என்ற அபராதம் அரசுக்குப் போகும். உங்களுக்கு வேண்டியது 19(8)(பி) பிரிவின் கீழ் வரும் இழப்பீடு, அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

இப்போது உங்கள் அம்மாவின் விஷயத்துக்கு வருவோம். முடிந்த ரிட்டில் ‘செலவுத்தொகை இல்லை’ என்ற இரண்டு வார்த்தையை மட்டும் எதிர்த்து மேல்முறையீடு போவது வீண். விருப்புரிமையில் சொன்னதை அந்த ஒன்றுக்காக மாற்ற மாட்டார்கள், போகும் செலவு வரும் செலவைவிட அதிகமாகும். வழக்குச் செலவைக் கேட்டுத் தனியாக இன்னொரு வழக்குப் போடவும் முடியாது. செலவு என்பது அந்தந்த வழக்கிலேயே தீர வேண்டியது.

வட்டி அப்படியல்ல. அது செலவு இல்லை, உங்கள் பணத்தை இரண்டரை ஆண்டு அவர்கள் வைத்திருந்ததற்கான தொகை. 1985-இல் கேரள அரசு உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கைப் பாருங்கள். ஓய்வு பெற்ற ஒருவருக்கு எல்.பி.சி. என்ற கடைசிச் சம்பளச் சான்று வரவில்லை என்ற காரணத்தால் ஓய்வூதியமும் பணிக்கொடையும் இரண்டு ஆண்டுக்கு மேல் தாமதம். பணம் வந்த பிறகுதான் அவர் தாமதத்துக்காக வழக்குப் போட்டார். ஓய்வூதியம் அரசு போடும் பிச்சை இல்லை, சொத்து, தாமதித்தால் சந்தை வட்டி தரவேண்டும் என்றது நீதிமன்றம். 2008-இல் ஹரியானா வழக்கிலும் அப்படித்தான். பணம் நான்கு ஆண்டு கழித்து வந்துவிட்டது, வட்டிக்கு மட்டும் ரிட். விதியே இல்லாவிட்டாலும் வட்டி கேட்கலாம் என்று சொல்லி, உயர் நீதிமன்றம் ஆரம்பத்திலேயே தள்ளிய மனுவை உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 12,000 என்று வைத்துக்கொண்டால் முப்பது மாத நிலுவை 3,60,000. முதல் மாதப் பணம் முப்பது மாதம் காத்திருந்தது, கடைசி மாதப் பணம் காத்திருக்கவே இல்லை, சராசரி பதினைந்து மாதம். ஆண்டுக்கு நூற்றுக்கு 6 என்றால் 27,000. 9 என்றால் 40,500. உங்கள் 38,000 இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

ஓர் இடறல் உண்டு, மறைக்க மாட்டேன். முதல் ரிட்டிலேயே வட்டி கேட்டிருக்கலாமே, ஏன் கேட்கவில்லை என்று ஆட்சேபம் வரும். உங்கள் மனுவில் என்ன வேண்டும் என்று கேட்கும் பிரார்த்தனைப் பகுதியை எடுத்துப் பாருங்கள். ‘வட்டியுடன்’ என்ற சொல் இருந்து, உத்தரவு அதைப் பற்றி வாய் திறக்கவில்லை என்றால் ஒரு மாதிரி வாதாட வேண்டும், சொல்லே இல்லை என்றால் வேறு மாதிரி. எப்படியும் முதல் வேலை, வட்டி கேட்டு அம்மா கையெழுத்தில் ஒரு மனு, ஒப்புகையோடு. அதில் நான்கு பழைய மனுக்களின் நாளும், ஆணையின் ந.க. எண்ணும், பணம் வங்கியில் ஏறிய நாளும் இருக்க வேண்டும். பணம் கேட்கும் வழக்குக்குக் காலவரையறை பொதுவாக மூன்று ஆண்டு. இப்போதே தொடங்கினால் நேரம் இருக்கிறது.

வக்கீலின் 8,000 பாக்கி பற்றிச் சொல்லியிருந்தீர்கள். கொடுத்துவிடுங்கள். எதிராளி ஒப்புக்கொண்டு முடிந்ததாலோ, நீதிமன்றம் செலவு போடாததாலோ பேசிய ஃபீஸ் குறையாது. ஆனால் ரசீது கேட்டு வாங்குங்கள், கேஸ் கட்டையும் முழுதாகக் கேட்டு வாங்குங்கள். பாக்கி இருக்கிறது என்று சொல்லிக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்த வக்கீலுக்கும் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-இலேயே சொல்லிவிட்டது. அந்தக் கட்டுக்குள்தான் நான்கு ஒப்புகை அட்டைகளும் இருக்கும்.